நான் செய்த வால்வுப் பெருக்கி



திருப்பூர் வட்டாரத்துப் பள்ளிகளில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றியவன் நான். அவற்றுள் பெரும்பகுதி பௌதிக ஆசிரியனாகவும், கடைசிச் சில ஆண்டுகள் தலைமையாசிரியனாகவும் கழிந்தன. ஓய்வு பெற்ற ஆசிரியன் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தால் அவன் உடனே அறிவுரை சொல்லத் தொடங்கிவிடுவான் என்று நீங்கள் அஞ்சக்கூடும். அவ்வச்சம் வேண்டா. இன்று நான் சொல்ல வந்தது, அறுபது வயதுக்குமேல் ஒரு சிறு பெட்டியிடம் நான் மாணவனாக உட்கார்ந்திருந்த கதை.

அந்தப் பெட்டி ஒரு பெருக்கி. கடைவீதியில் ஆம்பிளிபையர் என்பார்கள். வானொலிப் பெட்டியிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ வரும் மெல்லிய மின்னலையை வாங்கி, வலுவாக்கி, காதில் மாட்டிக்கொள்ளும் ஹெட்போனுக்கு அனுப்புவது அதன் வேலை. இத்தகைய பெருக்கிகள் இன்று நகத்தளவு சில்லுக்குள் அடங்கிவிட்டன. விலையும் ஒரு வேளைச் சிற்றுண்டிக்கு மேல் ஆகாது. நான் செய்ததோ அந்தக் காலத்துக் கண்ணாடி வால்வுகளைக் கொண்டு செய்தது.

எனக்கு ஹெட்போன் எதற்கு என்று திருப்பூர்க்காரர் எவரும் கேட்கமாட்டார். என் வீட்டுக்கு இடப்பக்கம் ஒரு பனியன் கம்பெனி; வலப்பக்கம் பின்னல் இயந்திரங்கள் ஓடும் ஒரு கொட்டகை. இரவு பத்து மணிக்கு ஒரு நாதசுர இசைத்தட்டைக் கேட்கவேண்டுமானால் காதை மூடிக்கொண்டுதான் கேட்கவேண்டும். ஆனால் வால்வு எதற்கு என்று கேட்டால், அதற்கு விடை சொல்ல நான் 1990-ஆம் ஆண்டுக்குத் திரும்பிச் செல்லவேண்டும்.

அந்த ஆண்டு ஒரு நாள் பன்னிரண்டாம் வகுப்பில் வால்வைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்தேன். அடியில் சூடேறும் கேத்தோடு; மேலே எலெக்ட்ரான்களைத் தன்பால் இழுக்கும் தகடு; இரண்டுக்கும் இடையில் புள்ளிக்கோடாக ஒரு கம்பி வலை, அதற்குக் கிரிட் என்று பெயர். கேத்தோடு சூடானால் எலெக்ட்ரான்களை உமிழும். தகடு நேர்மின்னேற்றம் உடையது, ஆகையால் அவற்றை ஈர்க்கும். கிரிட் எதிர்மின்னேற்றம் உடையது, ஆகையால் அவற்றை விலக்கும். இவ்வாறு சொல்லிக்கொண்டு வந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, கிரிட் விலக்குகிறது என்றால் ஒன்றுகூடத் தகட்டுக்குப் போகக்கூடாது. போகிறது என்றால் அது விலக்கவில்லை என்றுதானே ஆகும்? அது எப்படிப் பாதியை விலக்கிப் பாதியை விடுகிறது?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. எனக்கு விடை தெரியவில்லை. "அதெல்லாம் தேர்வில் வராது, உட்கார்" என்றேன்.

அவன் உட்கார்ந்தான். அடுத்த சில மாதங்களில் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டான். என் விடைதான் அதற்குக் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. வீட்டு நிலைமை அப்படி. எங்கள் ஊரில் இது ஆண்டுதோறும் நடப்பதுதான். ஆயினும் அந்த "உட்கார்" என்னும் சொல் மட்டும் என் காதிலேயே தங்கிவிட்டது.

பிற்காலத்தில் வால்வின் வரலாற்றைப் படித்தபோது என் நாணம் இரு மடங்காயிற்று. எரியும் விளக்கின் இழையிலிருந்து வெற்றிடத்தின் வழியாக மின்சாரம் தாவுவதை எடிசன் 1880-களில் கண்டார்; கண்டு, அதன் காரணத்தை ஆராயாமல் விட்டுவிட்டார். 1904-ல் இலண்டனில் பிளெமிங் அதைக்கொண்டு இரண்டு முனை வால்வைச் செய்தார். மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடுவதனால் அதற்கு வால்வு என்று பெயர் வைத்தார். 1906-ல் அமெரிக்காவில் லீ டி பாரஸ்ட் மூன்றாவது முனையாகிய கிரிட்டை இடையில் நுழைத்தார். உலகத்தின் முதல் மின்னணுப் பெருக்கி அதுதான். ஆனால் அது எவ்வாறு வேலை செய்கிறது என்பது அதைச் செய்த டி பாரஸ்டுக்கே சரியாக விளங்கவில்லை! குழாயில் எஞ்சி நிற்கும் வாயுவினால்தான் அது இயங்குகிறது என்று அவர் நெடுநாள் நம்பியிருந்தார். எட்வின் ஆம்ஸ்ட்ராங் என்பவர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோதே அந்தக் குழாயை வைத்துக்கொண்டு அளந்து அளந்து பார்த்தவர். அது உண்மையில் செய்வது என்ன என்பதை 1914-ல் வரைபடங்களோடு எழுதி விளக்கியவரும் அவரே. வாயுவை முற்றும் வெளியேற்றினால்தான் குழாய் ஒழுங்காக வேலை செய்யும் என்பதை லாங்மியூர் மெய்ப்பித்தார். கண்டுபிடித்தவரே தடுமாறிய இடத்தில் ஒரு மாணவன் கேள்வி கேட்டிருக்கிறான். அவனை நான் உட்காரச் சொல்லியிருக்கிறேன்.

நான் வால்வையே தொட்டதில்லை என்று எண்ணிவிடாதீர்கள். கல்லூரியில் ஒரு நாள் ஆய்வகத்தில் நால்வர் சேர்ந்து ஒரு டிரையோடின் இயல்புக்கோடுகளை வரைந்தோம். வால்வு ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தது. மூன்று மீட்டர்களின் முள்ளைப் படித்தோம், கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்தோம், பத்துக்குப் பத்து மதிப்பெண் பெற்றோம். பெட்டியைத் திறந்து பார்க்க எங்களுக்கு அனுமதி இல்லை. திறந்து பார்க்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே ஓய்வு பெற்ற பின்பு அந்தக் கடனைத் தீர்ப்பது என்று முடிவு செய்தேன். இத்தகைய முயற்சி நம் நாட்டுக்குப் புதிதும் அன்று. சென்னையில் கிருஷ்ணசாமி செட்டியார் என்னும் பொறியாளர் இங்கிலாந்திலிருந்து உறுப்புகளைக் கொண்டுவந்து, நண்பர்களோடு 1924 மே மாதம் ஒரு வானொலிக் கழகத்தைத் தொடங்கினார். சூலை இறுதியில் ஒலிபரப்பும் தொடங்கிவிட்டது. ஆற்றல் 40 வாட். அதாவது ஒரு மேசை விளக்கு எரியும் அளவு. பணமில்லாமல் 1927-ல் அந்தக் கழகம் ஓய்ந்தது. அதன் கருவி சென்னை நகராண்மைக் கழகத்தின் கைக்குப் போய், 1930-ல் மீண்டும் வாய் திறந்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-ல்தான் வந்தது. அன்றைய நேயர்களில் பலர் கேட்டதும் ஹெட்போனில்தான். ஒலிபெருக்கி வாங்க வசதியுடையோர் சிலரே. நம் கொங்கு நாட்டிலோ, சூலூர்ப் பக்கத்துக் கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி. டி. நாயுடு அவர்கள், ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை எழுபது ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941-லேயே அறிவித்தார். அவர் கல்லூரிப் படிப்பு பெற்றவர் அல்லர்; கழற்றிப் பார்த்தே கற்றவர்.

வால்வுகள் இன்று எங்கே கிடைக்கும்? பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1960-களில் இலட்சக்கணக்கான வானொலிப் பெட்டிகளுக்காக அவற்றைச் செய்துவந்தது. 1947 இறுதியில் பிறந்த டிரான்சிஸ்டர் பெட்டிக்குப் பெட்டி இடம்பிடித்தபோது அந்தக் காலம் முடிந்தது. ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளில் இன்றும் சில தொழிற்சாலைகள் செய்கின்றன. நான் சென்னை ரிச்சி தெருவில் அலைந்து ஈசிசி 88 என்னும் வகையில் இரண்டு வாங்கினேன். ஒவ்வொரு கண்ணாடிக் குழாய்க்குள்ளும் இரண்டு டிரையோடுகள் உண்டு. முதலாவது மின்னலையின் உயரத்தைப் பெருக்கும். இரண்டாவது அந்த உயரத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஹெட்போனை இயக்கும் வலுவைத் தரும். இடக்காதுக்கு ஒரு குழாய், வலக்காதுக்கு ஒரு குழாய்.

இங்கே மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வால்வு வேலை செய்ய உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். என் பெட்டியில் மின்மாற்றி தருவது 160 வோல்ட்டு; அதை ஒருதிசையாக்கி மின்தேக்கியில் நிரப்பினால் 200 வோல்ட்டுக்கு மேல் போகிறது. மாறுமின்னோட்டத்தின் உச்சமதிப்பு, சொல்லப்படும் மதிப்பைப்போல் 1.414 மடங்கு என்று நீங்கள் மனப்பாடம் செய்த சூத்திரம்தான் அது. சூத்திரம் கையில் அடிக்கும் என்பதை மட்டும் புத்தகத்தில் எழுதுவதில்லை. இன்னொன்று: சுவரிலிருந்து செருகியைப் பிடுங்கிவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணவேண்டா. மின்தேக்கி தன் மின்னேற்றத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கும். அதை மெல்ல வடிப்பதற்கென்றே குறுக்கே ஒரு மின்தடையைப் பொருத்தவேண்டும். என்னுடையது 100 மைக்ரோபாரடுக்கு 220 கிலோ ஓம். பெருக்கினால் 22 விநாடி. அதைப்போல் ஐந்து மடங்கு, ஏறத்தாழ இரண்டு நிமிடம், காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்து, பிறகே கையை உள்ளே விடவேண்டும். தக்கவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இந்த வேலையில் எவரும் இறங்கவேண்டா.

ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் வேலையில் முதல் பத்து நாள் கழிந்தது. பார்வைக்குப் பற்றியதுபோல் இருந்து, தொட்டால் பிரியும் இணைப்புகள் எத்தனையோ. அதை விரித்துச் சொன்னால் உங்களுக்குச் சலிப்பு உண்டாகும். ஒரு மாலை வேலை முடிந்தது. விசையைத் தட்டினேன். இரண்டு குழாய்களின் அடியிலும் தணல்போல் செந்நிறம் எழுந்தது. எலெக்ட்ரான்களை உமிழும் கேத்தோடை நான் நூறு முறை வரைந்திருக்கிறேன். அது ஒளிரும் என்பதை அன்றுதான் கண்டேன்.

என் மகள் வயிற்றுப் பேத்தி இளங்கலைப் பௌதிகம் பயில்கிறாள். அன்று வீட்டுக்கு வந்திருந்தாள். "வா அம்மா, நீதான் முதலில் கேட்கவேண்டும்" என்று ஹெட்போனை எடுத்து அவள் தலையில் மாட்டப்போனேன். அவள் ஒரு கையால் அதைத் தடுத்து, "அப்புச்சி, மீட்டர் வெச்சுப் பாத்துட்டு மாட்டிக்கிறனுங்க" என்றாள்.

எனக்குச் சற்றுக் கோபம் வந்தது என்பதை மறைப்பானேன்? முப்பத்து நான்கு ஆண்டு ஆசிரியனை நேற்றுக் கல்லூரி சேர்ந்த பெண் சோதிப்பதா? மீட்டரை நீட்டினேன். இடப்பக்கம் சுழி காட்டிற்று. வலப்பக்கம் 84 வோல்ட்டு காட்டிற்று.

அந்த 84 வோல்ட்டு இரண்டாம் டிரையோடின் கேத்தோடில் எப்போதும் நிற்பது. அது நிற்கவேண்டிய இடமும் அதுவே. அதை ஹெட்போனுக்குப் போகவிடாமல், இசையாகிய அலையை மட்டும் கடத்திவிடுவதற்காக இடையில் ஒரு பெரிய மின்தேக்கி இருக்கிறது. இடப்பக்கத்து மின்தேக்கி புதியது. வலப்பக்கத்துக்கோ, ஓர் உறவினர் வீட்டுப் பழைய வானொலிப் பெட்டியிலிருந்து கழற்றியதைப் போட்டிருந்தேன். சிக்கனம் ஒரு காரணம்; பழைய பொருளின்மேல் உள்ள பற்று மற்றொரு காரணம்.

"மீட்டரின் தடை மிகப் பெரியது, அணுவளவு கசிந்தாலும் அது முழு அழுத்தத்தைக் காட்டும், பயப்படாதே" என்று நான் தத்துவம் பேசினேன். அது உண்மையுந்தான். அவள் மறுக்கவில்லை. பெட்டியிலிருந்து 300 ஓம் மின்தடை ஒன்றை எடுத்து, ஹெட்போனுக்குப் பதிலாக அதை மாட்டி, மறுபடி அளந்தாள். இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல். ஓம் விதிப்படி ஏழு மில்லியாம்பியர், ஒரு நொடியும் நிற்காமல். மின்தேக்கியைத் தொட்டுப் பார்த்தால் சூடு. உயிருக்கு ஆபத்தான அளவு அன்று. ஆனால் சூடேறிக்கொண்டே போய் அது முற்றும் பழுதாகியிருந்தால், அந்தக் கம்பி ஒரு குழந்தையின் இரு காதுகளையும் அணைத்துக்கொண்டிருக்கும் பொருளுக்குப் போகிறது என்பதை நினைத்துப்பார்த்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் பழைய மின்தேக்கிகள் அனைத்தையும் கழற்றி எறிந்தேன். வெளிவாயிலின் குறுக்கே, மின்னேற்றம் வடிவதற்கு ஒரு மின்தடையையும் பொருத்தினேன். அதற்குப்பின் அந்தப் பெட்டியில் எதை மாற்றினாலும், முதலில் 300 ஓம் மின்தடைதான் ஹெட்போனாக வேலை செய்கிறது.

அந்த 300 என்னும் எண் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். என் ஹெட்போனின் மின்மறுப்பு அது. கைப்பேசியில் மாட்டும் சிறு காதொலிப்பான்களின் மின்மறுப்பு 32 ஓம் அளவே இருக்கும். முதலில் அதைத்தான் மாட்டிக் கேட்டேன். ஒலி சோகை பிடித்திருந்தது. வால்வின் வெளிவாயிலுக்கே ஏறத்தாழ 80 ஓம் தடை உண்டு. 80-ம் 32-ம் தொடராக நின்றால், கிடைக்கும் அழுத்தத்தில் பத்தில் ஏழு பங்கை வால்வே விழுங்கிவிடுகிறது. 300 ஓம் ஹெட்போனானால் ஐந்தில் ஒரு பங்குதான் இழப்பு. மின்கலத்தின் உள்தடை என்று ஆண்டுதோறும் நான் நடத்திய பாடம்தான் இது. வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்ததனால் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

இனி இரைச்சலின் கதை. இப்போது இசை கேட்டது; ஆனால் அதன் அடியில் "ம்ம்ம்" என்று ஓயாத ஒரு முனகல். மின்சாரத்தை ஒருதிசையாக்கும் பகுதியில் சமன் போதவில்லை என்று நானே தீர்ப்பு எழுதினேன். ஒரு மின்தேக்கியைக் கூட்டினேன். முனகல் போகவில்லை. இன்னொன்றைக் கூட்டினேன், போகவில்லை. கம்பிகளை இடம் மாற்றினேன், குழாய்களை மாற்றிச் செருகினேன், இரும்புத் தகட்டால் மறைத்தேன். ஒரே நாளில் நான்கு மாற்றங்கள் செய்தால் எது நன்மை செய்தது, எது தீமை செய்தது என்று எப்படித் தெரியும்? ஒரு வாரம் இப்படிப் போயிற்று. மேலே திறந்து வைத்திருந்த பெட்டியில் பக்கத்துக் கம்பெனியின் பஞ்சுத்தூசி வேறு படிந்து, சூட்டில் கருகி நாறியது. துணி போட்டு மூடினேன். சூடு போக வழியில்லாமல் போயிற்று. திருப்பூரில் வால்வு வைத்திருப்பவனுக்கே உரிய தனித்துன்பம் இது.

பக்கத்துக் கொட்டகையில் ஒரு பின்னல் இயந்திரம் பழுதாகி, அதைச் சரிசெய்ய ஒரு பிட்டர் வந்திருந்தார். வெளியே நின்ற என்னைக் கண்டதும் அருகில் வந்து கைகூப்பினார். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. ஆயினும் முகம் தெரிந்தது. 1990-ல் பின்வரிசையில் எழுந்து நின்றவர்தான் அவர்.

உள்ளே அழைத்துக் காப்பி கொடுத்து, பெட்டியைக் காட்டி, என் தொல்லையைச் சொன்னேன். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சிறிது நேரம் கண்ணை மூடியிருந்தார். பிறகு, "ஐயா, இது நெடுக்குக் கோடுங்களா, குறுக்குக் கோடுங்களா?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். 30 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 ஊசியும் உள்ள ஒரு வட்டப் பின்னல் இயந்திரத்தில் ஏறத்தாழ 2,260 ஊசிகள் இருக்கும். துணியில் பழுது கண்டவுடன் ஊசிகளைக் கழற்ற உட்கார்ந்தால் விடிந்துவிடும். முதலில் துணியைப் பார்ப்பார்கள். பழுது நெடுக்காகக் கோடு போட்டிருந்தால் ஊசியின் பக்கம் தேடவேண்டும். ஒரே ஊசி தான் நிற்கும் வரிசை நெடுகத் தன் குறையை எழுதிக்கொண்டே போகும். குறுக்காகப் பட்டை விழுந்திருந்தால் ஊசியின்மேல் குற்றமில்லை. நூலிலோ நூல் ஊட்டும் இடத்திலோ தேடவேண்டும். "பழுது தான் எங்கிருந்து வருதுன்னு தானே சொல்லுங்க. நாம் கேக்கோணும்" என்றார்.

நான் அந்த முனகலை ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தேனே தவிர, அது எத்தகைய முனகல் என்று ஒருமுறையும் கேட்கவில்லை. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. அதை முழுவதும் ஒருதிசையாக்கும்போது, மேலும் கீழுமான இரு பாதிகளும் மேலே வந்துவிடுவதால், எஞ்சும் அலைவு நொடிக்கு 100. ஆகவே குற்றம் ஒருதிசையாக்கும் பகுதியில் இருந்தால் முனகல் 100-ல் இருக்கவேண்டும். வேறெங்கிருந்தோ தூண்டலால் வந்திருந்தால் 50-ல் இருக்கவேண்டும். ஒன்றுக்கு மற்றொன்று சரியாக ஒரு ஸ்தாயி வேறுபாடு. ஆனால் ஒப்பிடுவதற்குச் சுருதி எங்கே? அதுவும் பெட்டியிலேயே இருந்தது. மின்மாற்றியின் இரும்புத் தகடுகள், மின்னோட்டம் எந்தத் திசையில் பாய்ந்தாலும் ஒவ்வொரு பாதியிலும் ஒருமுறை அதிர்வதால், காற்றில் எழுப்பும் ஒலி 100. ஹெட்போனைக் கழற்றி மின்மாற்றியின் அருகே காதை வைத்தேன். மறுபடி ஹெட்போனை மாட்டினேன். ஹெட்போனின் முனகல் ஒரு ஸ்தாயி கீழே இருந்தது. ஆகவே 50. ஒரு வாரமாக நான் நூலில் உள்ள குற்றத்துக்கு ஊசியைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

அதற்குமேல் அவர் என்னைத் தனியே விடவில்லை. "ஒரு தடவைக்கு ஒண்ணு மட்டும் மாத்துங்க, மாத்தினதை எழுதி வெச்சுக்கோங்க" என்று நிபந்தனை போட்டார். கேத்தோடைச் சூடாக்கும் கம்பிகளில் ஓடுவது 50 சுழற்சி மின்சாரம்; அவற்றை நான் தளர்வாகக் கிரிட் கம்பியின் ஓரமாக விட்டிருந்தேன். இரண்டையும் கயிறுபோல் முறுக்கி மூலையோரமாகக் கொண்டுபோனோம்; ஒன்றின் காந்தப்புலத்தை மற்றொன்று அழித்துவிடும் என்பது கணக்கு. முனகல் சற்றுக் குறைந்தது. எழுதினோம். அடுத்தபடி பெட்டியின் பொதுக் கம்பியைப் பார்த்தோம். நான் அதை உள்வாயிலில் ஓரிடத்திலும், மின்மாற்றியின் பக்கத்தில் ஓரிடத்திலும், இரண்டு இடங்களில் பெட்டியின் உலோகத்தோடு பிணைத்திருந்தேன். இரண்டு வழிகளும் சேர்ந்து ஒரு வளையமாயின. மின்மாற்றியின் காந்தப்புலம் அந்த வளையத்துக்குள் புகுந்து புறப்பட்டு, பாரடே சொன்னபடியே அதில் மின்னோட்டத்தைத் தூண்டிக்கொண்டிருந்தது. ஓரிடத்துப் பிணைப்பை வெட்டினோம். முனகல் நின்றது. அந்த அமைதியில், இடப்பக்கத்துக் கம்பெனியில் ஒரு பெண் யாரையோ கூப்பிடும் குரல்கூடத் தெளிவாகக் கேட்டது.

பிட்டர் சிரித்தார். நூல் கண்ணிக்குள் கண்ணியாக நுழைந்தால்தான் துணி. கண்ணியில்லாவிட்டால் எங்கள் ஊருக்குச் சோறில்லை. "உங்க பொட்டியில கண்ணி விழுந்தா ஆகாதுங்களா ஐயா?" என்றார்.

அந்த நல்ல நேரத்தில் நான் பழைய கடனைத் தொட்டேன். அவருக்கு அந்தக் கேள்வி நினைவில்லை, எனக்கு இருந்தது. பெட்டியைக் காட்டியே விடை சொன்னேன். கிரிட் சுவர் அன்று, வேலி; கம்பிகளுக்கிடையில் சந்து உண்டு. தகட்டின் ஈர்ப்பு அந்தச் சந்துகளின் வழியே கேத்தோடு வரை எட்டிப்பார்க்கிறது. கிரிட்டின் விலக்கு அதை எதிர்க்கிறது. எலெக்ட்ரான் காண்பது இவ்விரண்டின் கூட்டுத்தொகையை மட்டுமே. தகடு தொலைவில் இருக்கிறது. கிரிட் வாசலிலேயே நிற்கிறது. ஆகையால் இந்த வால்வில் கிரிட்டில் ஒரு வோல்ட்டு செய்யும் வேலையைத் தகட்டில் செய்ய ஏறத்தாழ 33 வோல்ட்டு வேண்டும். அந்த 33 என்னும் எண், கம்பிகளின் இடைவெளியும் தொலைவும் சேர்ந்து தந்த எண். விலக்கைச் சற்றே தளர்த்தினால் அதிக எலெக்ட்ரான் போகும். சற்றே இறுக்கினால் குறைவாகப் போகும். மிகவும் இறுக்கினால், நீங்கள் அன்று சொன்னபடியே, ஒன்றும் போகாது. அமராவதி வாய்க்காலின் மதகைத் திருப்புகிறவன் கையில் வெள்ளத்தின் வலிமை இல்லை; வலிமை அணையில் இருக்கிறது. பெருக்கியிலும் இசைக்கு வலிமை தருவது 200 வோல்ட்டுத் தேக்கம்தான். உள்ளே வந்த மெல்லிய அலை மதகைத் திருப்புகிறது, அவ்வளவே.

அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "அப்படீன்னா நான் அன்னைக்குக் கேட்டது பாதி சரிங்களா?" என்றார். முழுவதும் சரி என்றேன்.

வால்வின் ஒலி தேனினும் இனியது, சில்லுகளால் அதைத் தரவே முடியாது என்று சிலர் எழுதுவதைப் படித்திருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மீட்டர் கொண்டு அளந்தால் நூறு ரூபாய்ச் சில்லு என் பெட்டியை எளிதில் வென்றுவிடும். மின்சாரமும் அதற்குக் குறைவு. ஆனால் சில்லு பழுதானால் தூக்கி எறிவோம். எங்கே, ஏன் என்று கேட்க இடமில்லை. இதில் ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டுகிறது, தவறு செய்தால் உடனே சொல்லிவிடுகிறது. அதிகாலையில் இயந்திரங்கள் ஓய்ந்திருக்கும் அரை மணி நேரத்தில் அதில் ஒரு தோடி கேட்பது எனக்குப் பிடித்திருக்கிறது; அது வேறு விஷயம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பிட்டர் வருகிறார். விடுமுறையானால் பேத்தியும் சேர்ந்துகொள்கிறாள். சென்ற வாரம் விசையை அணைத்த பிறகும் சில விநாடிகள் பாட்டு ஒலித்து, மெல்ல மங்கிப் போனதை அவர் கவனித்தார். "கேத்தோடு இன்னும் சூடா இருக்கறதாலதான் பாடுதுங்க" என்பது அவர் கட்சி. மின்தேக்கியில் எஞ்சிய தேக்கமே பாடுகிறது என்பது என் கட்சி. சூடேற்றும் மின்சாரத்துக்கு ஒரு விசை, உயர் அழுத்தத்துக்கு ஒரு விசை என்று இரண்டாகப் பிரித்துவிட்டால், ஒவ்வொன்றாக அணைத்து விநாடியை எண்ணலாம் என்று பேத்தி சொன்னாள். விசைகள் வாங்கியாகிவிட்டன. வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குப் பெட்டியைத் திறக்கிறோம். முதலில் இரண்டு நிமிடம் காத்திருந்துவிட்டு.